பயிற்றுவோரின் பிழைப்பும் பொறுப்பும்



நம் காவிரிப் படுகை ஊர்களில் ஒருவர் என்ன தொழில் செய்கிறார் என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடக் கூடிய காலம் ஒன்று இருந்தது. உழவர், ஆசிரியர், செவிலியர், மின்வாரிய ஊழியர், கூட்டுறவுச் சங்க எழுத்தர் என்றால் மேற்கொண்டு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. இன்று பங்கின் குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிக்க அமரும்போது, தொழில் என்னும் கட்டத்தில் "டிரெயினர்" என்று எழுதச் சொல்லும் இளைஞர்களும் இளம்பெண்களும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். அண்மையில் ஒரு தாய், "சுவாமி, என் மகள் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கவில்லை, கம்பெனியிலும் உட்காரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்கிறாள். திங்கட்கிழமை ஓசூர், வியாழக்கிழமை கோயம்புத்தூர். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன வேலையென்று சொல்வது?" என்று கேட்டார்.

அக்கேள்வி நியாயமானது. பிள்ளைகளின் தொழிலைப் பெற்றோர் புரிந்துகொள்ளாவிட்டால், அவர்களுடைய களைப்பையும் புரிந்துகொள்ள இயலாது. அவர்கள் ஏமாற்றப்படும்போது துணைநிற்கவும் இயலாது. ஆகவே, இத்தொழிலில் இருக்கும் நம் பங்குகளின் பிள்ளைகள் பலரோடு பேசி அறிந்தவற்றையும், படித்து அறிந்தவற்றையும் இம்மாதம் இப்பகுதியில் சொல்ல விழைகிறேன். இங்கே சொல்லப்படும் குறைகள் எந்த ஒரு நிறுவனத்தையும் சுட்டியவை அல்ல. தொழிலின் அமைப்பில் உள்ளவை.

இது என்ன தொழில்?

தொழிற்சாலை, வங்கி, மருத்துவமனை, கணினி நிறுவனம் ஆகியவை தம் ஊழியர்களுக்குச் சில திறன்களைக் கற்பிக்க விரும்புகின்றன. வாடிக்கையாளரிடம் பேசும் முறை, ஆங்கிலத்தில் கடிதம் எழுதுதல், குழுவாக வேலை செய்தல், மேற்பார்வையாளர் பொறுப்பு, புதிய கணினி மென்பொருள் என்று அவை பலவகைப்படும். இவற்றைக் கற்பிக்க ஒவ்வொரு நிறுவனமும் தனியே ஆசிரியர்களை வைத்துக்கொள்வதில்லை. வெளியிலுள்ள பயிற்சி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. அந்நிறுவனம் இத்தனை நாள், இத்தனை பேருக்கு, இன்ன பாடம் என்று விலை பேசி, தன் ஆளை அனுப்புகிறது. அப்படி அனுப்பப்படும் ஆள்தான் பயிற்சியாளர். கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களை வளாக நேர்காணலுக்கு ஆயத்தப்படுத்துவதும் இதே நிறுவனங்களின் பணியே.

தொழில் நிறுவனங்களில் பயிற்சி என்பது புதிதன்று. இந்தியாவில் நிர்வாகவியலை முறையாகக் கற்பிக்க முன்வந்தோருள் இயேசு சபைத் துறவியரும் இருந்தனர். ஜம்ஷெட்பூரில் அவர்கள் 1949ஆம் ஆண்டில் தொடங்கிய சேவியர் தொழிலுறவுக் கழகம் இன்றும் புகழோடு விளங்குகின்றது. 1975இல் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனம், உதய் பாரீக், டி. வி. ராவ் என்னும் இரு அறிஞர்களின் ஆலோசனைப்படி, மனிதவள மேம்பாட்டுக்கெனத் தனித்துறை அமைத்தது. 1981இல் என்.ஐ.ஐ.டி. நிறுவனமும், 1986இல் ஆப்டெக் நிறுவனமும் தோன்றி, கணினிப் பயிற்சியை நகரத்துத் தெருக்களுக்குக் கொண்டுவந்தன. அவற்றுள் முன்னது, பெருநிறுவனங்களுக்குப் பயிற்சியளிக்கும் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்து 2023இல் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. பயிற்சி என்பது வாங்கி விற்கப்படும் பெரும் பண்டமாக வளர்ந்திருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இத்தொழில் இவ்வளவு பரவியதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. நம் மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஒரு காலத்தில் ஐந்நூறைக் கடந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போருக்குக் கல்விக் கட்டணச் சலுகையை அரசு 2010இல் வழங்கத் தொடங்கியது. நம் படுகை ஊர்களிலிருந்து தமிழ்வழியில் பயின்ற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பட்டம் பெற்றனர். கணக்கு அறிந்த பிள்ளை, இயந்திரம் அறிந்த பிள்ளை, நேர்காணல் அறையில் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேச இயலாமல் தலைகுனிந்து வெளியே வந்தது. அந்த இடைவெளியை நிரப்பவே கல்லூரிகள் பயிற்சி நிறுவனங்களை அழைத்தன. தமிழ்நாடு அரசும் 2022 மார்ச் முதல் நாளில் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கி, பல நிறுவனங்களின் துணையோடு கல்லூரிகளில் திறன் பயிற்சி அளித்து வருகின்றது. ஆக, பயிற்சி பெறுபவரும் நம் பிள்ளை. பல வேளைகளில் பயிற்சி அளிப்பவரும் நம் பிள்ளை.

ஒரு நாள் எப்படிக் கழிகிறது?

தஞ்சையிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறினால் விடியலில் திருப்பெரும்புதூரிலோ ஓசூரிலோ இறங்கலாம். விடுதியில் குளித்து, காலை ஒன்பது மணிக்குள் மின்னும் சட்டையோடும் மாறாத புன்னகையோடும் கூடத்தில் நிற்க வேண்டும். முப்பது பேர் என்று சொல்லப்பட்ட வகுப்பில் அறுபது பேர் அமர்ந்திருப்பர். அவர்களில் சிலர் இரவுப் பணி முடித்து நேரே வந்தவர்கள். சிலர் மேலாளர் வற்புறுத்தியதால் வந்தவர்கள். சிலர் தம் மேசையில் குவியும் வேலையை எண்ணிக் கொண்டிருப்பவர்கள். ஒலிபெருக்கி வேலை செய்யாது. ஆறு மணி நேரமோ ஏழு மணி நேரமோ நின்றபடியே பேச வேண்டும். இத்தொழிலில் நான்கைந்து ஆண்டு கழித்தவர்களின் முதற் குறை தொண்டை, இரண்டாவது முழங்கால்.

பேசும் பாடம் பெரும்பாலும் அவர்களுடையதன்று. திரையில் காட்ட வேண்டிய படங்கள், சொல்ல வேண்டிய கதைகள், நடுவே ஆட வேண்டிய விளையாட்டுகள் யாவும் நிறுவனத்தில் ஆயத்தமாக இருக்கும். நண்பகல் உணவுக்குப் பின் தூக்கம் வராதிருக்க இன்ன விளையாட்டு என்றுகூட எழுதப்பட்டிருக்கும். அந்த ஏற்பாட்டில் நன்மை உண்டு. புதியவர் தடுமாறாமல் தொடங்க முடிகிறது. ஆனால் ஓராண்டு கழிந்ததும் ஒரு சோர்வு வருகின்றது. அதே கதையை நாற்பதாவது முறை, முதல் முறை சொல்வதுபோல் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவருக்கு அது பொருந்தவில்லை என்று தெரிந்தாலும், வாங்கியவர் ஒப்புக்கொண்ட பாடம் அதுவே என்பதால் மாற்ற முடியாது. நெல் அரைவை ஆலைத் தொழிலாளருக்கு வெளிநாட்டு விமான நிறுவனத்தின் கதையைச் சொல்லும்படி நேர்கிறது.

இத்தொழிலுக்கும் பருவம் உண்டு. குறுவையும் சம்பாவும் ஆற்றுநீரையும் மழையையும் நோக்குவதுபோல, பயிற்சியாளர் கல்லூரி நாட்காட்டியையும் நிதியாண்டையும் நோக்குகிறார். பருவத் தேர்வுகளுக்கு முந்திய மாதங்களில் கல்லூரிகள் அழைக்கும். மார்ச் மாதத்துக்குள் ஒதுக்கிய பணத்தைச் செலவிட வேண்டிய நிறுவனங்கள் ஒரே நேரத்தில் அழைக்கும். அப்போது மாதத்தில் இருபது நாள் வெளியூர். தேர்வும் விடுமுறையும் வந்தால் வாரக்கணக்கில் அழைப்பே இராது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது கூட வகுப்புகள் ஒரே வாரத்தில் நின்றுபோயின. பின்னர் அவை கணினித் திரைக்கு மாறின. முகங்கள் மறைந்து பெயர்கள் மட்டும் தெரியும் கட்டங்களை நோக்கி நாள் முழுதும் பேசுவது, வெற்றுக் கூடத்தில் பேசுவதினும் கடினம் என்று சொன்னவர் உண்டு.

மாலை ஐந்து மணித் தாள்

வகுப்பு முடியும் வேளையில் பங்கேற்றோர் கையில் ஒரு தாள் கொடுக்கப்படும். இப்போது கைப்பேசியிலேயே வருகிறது. பயிற்சியாளர் எப்படி, பாடம் எப்படி, உணவும் இடமும் எப்படி என்று ஐந்துக்கு எத்தனை என மதிப்பெண் இடவேண்டும். அன்று மாலையே கூட்டிப் பார்த்துச் சராசரி எடுக்கப்படும். அச்சராசரி குறைந்தால் அடுத்த அழைப்பு வருவது ஐயமே. தொழிலில் உள்ளோர் இதைச் 'சிரிப்புத் தாள்' என்று வேடிக்கையாய்க் குறிப்பர்.

இத்தாள் ஒரு நல்லாசிரியரை என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கற்பித்தல் என்பது சில வேளைகளில் மாணவரை வருத்துவதாகும். தவறு செய்தவரிடம் அதைச் சுட்டிக்காட்ட வேண்டும். பேசத் தயங்குபவரை எழுப்பி நிறுத்த வேண்டும். பத்து முறை எழுதச் செய்ய வேண்டும். அப்படிச் செய்பவருக்கு மாலையில் ஐந்துக்கு மூன்று விழும். நகைச்சுவை சொல்லி, விளையாட்டு நடத்தி, நான்கரை மணிக்கே முடித்துவிடுபவருக்கு ஐந்துக்கு ஐந்து விழும். எனவே மனச்சாட்சியுள்ள இளைஞர் ஒருவர், தாம் எதற்காக நிற்கிறோம் என்னும் கேள்வியை ஒவ்வொரு மாலையும் சந்திக்கிறார். மறையுரை ஆற்றும் எங்களுக்கும் இது அந்நியமானதன்று. கோவில் வாயிலில் "பிரசங்கம் அருமை, சுவாமி" என்பதைக் கேட்பது இனியது. அதனால் வீட்டில் என்ன மாறியது என்பது வேறு கணக்கு.

இந்த வேறுபாட்டை இத்துறையின் முன்னோடிகள் அறியாதவர் அல்லர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்னும் பேராசிரியர், பயிற்சியை நான்கு படிகளில் அளக்க வேண்டும் என்று 1959இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் விளக்கினார். முதற்படி, பங்கேற்றோர்க்கு அது பிடித்ததா என்பது. இரண்டாவது, அவர்கள் எதையேனும் கற்றார்களா என்பது. மூன்றாவது, திரும்பிச் சென்றபின் வேலையில் நடத்தை மாறியதா என்பது. நான்காவது, அதனால் நிறுவனத்துக்குப் பலன் விளைந்ததா என்பது. உலகெங்கும் பயிற்சி நிறுவனத்தார் அவர் பெயரை அறிவர். ஆயினும் மாலை ஐந்து மணித் தாள் அளப்பது முதற்படியை மட்டுமே. மூன்றாவது படியை அளக்க வேண்டுமானால் சில வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் சென்று பார்க்க வேண்டும். அந்தப் பயணத்துக்கு யார் பணம் தருவது? வாங்குபவர் தர விரும்புவதில்லை. விற்பவர் தம் கையிலிருந்து செலவிட விரும்புவதில்லை. விலை பேசப்படுவது நாட்களுக்கே, கற்றலுக்கு அன்று.

இரண்டாம் உலகப் போரின் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்க அரசு தொழிற்சாலைகளுக்குள் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தியது. புதிதாக வந்த தொழிலாளருக்கு ஒரு வேலையைக் கற்பிக்க நான்கு நிலைகளை அது வகுத்தது: கற்பவரை ஆயத்தப்படுத்துதல், வேலையைச் செய்து காட்டுதல், அவரையே செய்யச் செய்தல், பின்னர் சென்று பார்த்தல். போர் நெருக்கடியின் அவசரத்திலும் நான்காவது நிலையை அவர்கள் விட்டுவிடவில்லை என்பது கருதத்தக்கது.

நம் வயல் வரப்பில் நடந்த பயிற்சி

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. நம் தஞ்சை மாவட்டமே பெரியதொரு பயிற்சிக் களமாக இருந்தது. 1960இல் நாட்டில் முதன்முதலாகத் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை ஆகியவற்றை ஒருங்கே உழவரிடம் சேர்ப்பது அதன் நோக்கம். ஆடுதுறையில் 1922 முதல் இயங்கிவரும் நெல் ஆராய்ச்சி நிலையம் 1960களின் இடையில் ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்லை வெளியிட்டபோது, அதைக் குறுவையில் எப்படிப் பயிரிடுவது என்பதைக் கிராம சேவகர்கள் ஊர் ஊராகச் சென்று சொல்லிக் கொடுத்தனர். இதைப் படிக்கும் முதியோர் சிலர் அவர்களிடம் நேரில் கற்றவர்களாக இருக்கலாம்.

1980களில் உலக வங்கியின் உதவியோடு பயிற்சியும் வழித்தொடர்பும் என்னும் திட்டம் வந்தது. இஸ்ரேல் நாட்டைச் சேர்ந்த டேனியல் பெனோர் என்பவர் வகுத்த முறை அது. அதன் உயிர்நாடி மிக எளியது. வேளாண் அலுவலர் ஒவ்வொரு குழுவின் வயலுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முன்பே அறிவித்த அதே கிழமையில் வர வேண்டும். சென்ற முறை சொன்னதை உழவர் செய்தாரா, செய்தால் என்ன ஆயிற்று, செய்யாவிட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். அவரும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற வேண்டும். உழவர் கேட்டு, தமக்கு விடை தெரியாத கேள்வியை அப்பயிற்சிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அம்முறையிலும் குறைகள் இருந்தன. சிறு உழவரிடமும் பெண்களிடமும் அது போதிய அளவு எட்டவில்லை என்றனர். வெளியுதவி முடிந்தபின் அதன் செலவைத் தாங்குவது கடினமாகி, அது மங்கியது. மீண்டும் வந்து பார்ப்பது எப்போதும் செலவுள்ள வேலை. ஆகவே முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் நாற்று பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருப்பதைக் கண்டு எந்த உழவரும் விளைச்சலைக் கணக்கிடுவதில்லை. பறித்து நட்டபின் நான்கைந்து நாள் அது வாடி வெளுத்து நிற்கும். அப்போதுதான் வேர் பிடித்ததா, எங்கே பயிர் செத்தது, எங்கே மறுநடவு வேண்டும் என்று வரப்பில் நடந்து பார்க்க வேண்டும். பயிற்சிக் கூடத்தின் கடைசி மாலை நாற்றங்காலின் பசுமையை ஒத்தது. திங்கட்கிழமை காலையில் பழைய மேலாளர், பழைய கூச்சல், பழைய அச்சம் ஆகியவற்றின் நடுவே நட்டபின் அந்தத் திறன் வேர் பிடித்ததா என்பதே வினா.

இத்தொழிலின் மாண்பு

இவ்வளவும் சொன்னதால், இது வீண் தொழில் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, பதினைந்து ஆண்டுப் படிப்பில் ஒருமுறையேனும் எழுந்து நின்று நாலு பேர் முன் பேசியதில்லை. யாரும் அவளைப் பேசச் சொன்னதும் இல்லை. பயிற்சியாளர் வந்து, அவள் பெயரைச் சொல்லி அழைத்து, தவறாகப் பேசினாலும் சிரிக்காத ஒரு வட்டத்தை அமைத்துக் கொடுக்கிறார். மூன்றாம் நாள் அவள் இரண்டு நிமிடம் பேசுகிறாள். அவளுடைய ஊரிலிருந்தே, அவளைப் போலவே தமிழ்வழியில் படித்து வந்த ஒருவர் இதைச் செய்யும்போது, அது திரையில் காட்டும் எந்தப் படத்தையும் விட வலிமையான பாடம். இத்தொழிலில் நெடுங்காலம் நிலைத்திருப்போர், பணத்தினும் இத்தகைய இரண்டு நிமிடங்களுக்காகவே நிலைத்திருக்கின்றனர் என்பதை அவர்கள் பேச்சிலிருந்து உணர்ந்தேன். மேலும், இது கூர்மையான பயிற்சிக்கூடமும் ஆகும். பல தொழில்களின் உள்ளே சென்று பார்க்கவும், பலவகை மனிதரோடு பழகவும், கூட்டத்தின் முன் அஞ்சாது நிற்கவும் இளவயதில் வேறெங்கும் இவ்வளவு வாய்ப்புக் கிட்டாது. இதில் சில ஆண்டு உழைத்துப் பின்னர் நல்லாசிரியர்களாகவும் மனிதவள அலுவலர்களாகவும் ஆனவர்கள் பலர்.

ஆகவே அந்தத் தாய்க்கு நான் சொன்ன விடை: "உங்கள் மகள் ஆசிரியை, அம்மா. கூடம் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது."

கையொப்பத்துக்கு முன்

ஆயினும் மாண்புள்ள தொழில் என்பதால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையொப்பமிடலாகாது. பணி நியமனக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாய் அமர்ந்து கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

முதலாவது: இவர் ஊழியரா, நாட்கூலி ஆலோசகரா? பல பயிற்சியாளர்கள் ஊழியராக நியமிக்கப்படுவதில்லை. வகுப்பு நடந்த நாளுக்கு மட்டும் கட்டணம் பெறும் ஆலோசகர்களாகவே எழுதிக்கொள்ளப்படுகின்றனர். நாட்கட்டணம் பெரிதாகத் தோன்றும். ஆனால் அதில் அழைப்பில்லாத மாதம் இல்லை. நோயுற்ற நாள் இல்லை. பேறுகால விடுப்பு இல்லை. இருபது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் தன் ஊழியர்க்கு வருங்கால வைப்பு நிதி கட்ட வேண்டும்; ஆலோசகர்க்கு அந்தக் கடமை இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட காலத்துக்கென நேரடியாக நியமிக்கப்படும் ஊழியர்க்கு ஓராண்டுப் பணிக்குப் பின்னரே பணிக்கொடை உரிமை வந்துவிடுகிறது. ஆலோசகர் என்று எழுதிக்கொண்டவர் அதையும் கேட்க இயலாது. ஒரு நாட்கட்டணத்தை மாதச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது இவற்றையெல்லாம் கழித்துப் பாருங்கள்.

இரண்டாவது: பணம் எப்போது வரும்? வாடிக்கையாளர் செலுத்திய பின்னரே பயிற்சியாளர்க்கு என்று சில ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். அப்படியானால் ஜூலையில் பேசிய பேச்சுக்கு அக்டோபரில் பணம். பயணச் செலவையும் தங்கும் செலவையும் முன்கூட்டித் தருவார்களா, கைப்பணத்தைப் போட்டுப் பின்னர் பெற வேண்டுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஆலோசகர் கட்டணத்தில் வருமான வரிக்கெனப் பெரும்பாலும் 10 விழுக்காடு பிடிக்கப்படும். ஆண்டுக் கணக்கை முறையாகத் தாக்கல் செய்தால் மிகுதியாய்ப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம். அறியாமையால் அதை விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு.

மூன்றாவது: இத்தனை ஆண்டு பணியாற்றாவிட்டால் இவ்வளவு தொகை தரவேண்டும் என்னும் உறுதிப் பத்திரம் உண்டா? "அது வெறும் காகிதம், யாரும் கேட்கமாட்டார்கள்" என்று சொல்லிக் கையொப்பம் வாங்குவோரை நம்பவேண்டாம். பொதுத்துறை வங்கியொன்றின் ஊழியர் தொடுத்த வழக்கில், மூன்றாண்டுக்கு முன் விலகினால் இரண்டு இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. அதே வேளையில், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. இரண்டு நாள் அறிமுக வகுப்பைக் காட்டிப் பெருந்தொகை கேட்பவரிடம், தாங்கள் எனக்குச் செலவிட்டது எவ்வளவு என்று கேட்கும் உரிமை உண்டு.

நான்காவது: மூலச் சான்றிதழைக் கேட்கிறார்களா? காட்டுங்கள், நகல் கொடுங்கள், மூலத்தை ஒப்படைக்காதீர்கள். வயலை அடகு வைத்துப் பெற்ற பட்டத்தை மறுபடியும் ஒருவரிடம் அடகு வைக்கலாகாது.

ஐந்தாவது, பெண் பிள்ளைகளுக்கென: வெளியூரில் தங்குமிடத்தை யார் ஏற்பாடு செய்கிறார்கள்? இரவுப் பயணத்தில் அவசரம் நேர்ந்தால் அழைக்க நிறுவனத்தில் பொறுப்பான ஒருவர் உண்டா? பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், வாடிக்கையாளரின் கூடத்துக்கும், நிறுவனம் ஏற்பாடு செய்த பயண வாகனத்துக்கும் பொருந்தும். ஊழியர், ஒப்பந்தத்தில் வந்தவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. இதை அறிந்திருப்பதே பாதிப் பாதுகாப்பு.

வாங்குவோர்க்கு ஒரு சொல்

நம் குடும்பங்களில் பயிற்சியாளர்கள் மட்டும் இல்லை. கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துவோர், வங்கிக் கிளைகளையும் தொழிற்கூடங்களையும் மேற்பார்வை செய்வோர் நம்மிடையே உள்ளனர். பயிற்சியை வாங்குவோர் நீங்களே. ஆகவே இத்தொழிலைச் சீர்படுத்தும் திறவுகோலும் உங்கள் கையில் உள்ளது. மூன்று நாள் வகுப்புக்குப் பணம் இருக்குமானால், இரண்டு நாள் வகுப்பை வாங்குங்கள். மீதி ஒரு நாளை ஆறு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே பயிற்சியாளரையே திரும்ப அனுப்புமாறு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அவர் வந்து கூடத்தில் நின்று பேச வேண்டாம். வேலை நடக்கும் இடத்தில் உடன் நின்று, கற்றவர் செய்வதைப் பார்க்கட்டும். தடுமாறும் இடத்தில் கைகொடுக்கட்டும். வகுப்புக்கு முன்பும் அரை நாள் அவரை அழைத்து உங்கள் தொழிலைக் காட்டுங்கள். அரைவை ஆலையில் விமானக் கதை சொல்லும் அவலம் நீங்கும். மாலை ஐந்து மணித் தாளில் குறைந்த எண் வந்தால் உடனே ஆளை மாற்றச் சொல்லாதீர்கள். வருந்த வைத்துக் கற்பித்தவரா, வீணே நேரம் போக்கியவரா என்பது ஆறு வாரம் கழித்தே தெரியும்.

இதனால் கற்பவர் பயன் பெறுவார். பயிற்சியாளர்க்கோ அதனினும் பெரிய பயன் உண்டு. தாம் பேசியது என்னவாயிற்று என்று ஒருபோதும் காணாத ஆசிரியர் மெல்ல மெல்லப் பேச்சாளராகி விடுகிறார். தம் சொல் ஒருவர் கையில் வேலையாக மாறியதைக் கண்டவரே ஆசிரியராக வளர்கிறார். அந்தக் காட்சி நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு மீண்டும் பெட்டியோடு புறப்படுவர். வீட்டிலுள்ளோர் இனிமேல் "எத்தனை நாள் வகுப்பு? எவ்வளவு தருவார்கள்?" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். "சென்ற மாதம் கற்றுக்கொடுத்தாயே, அவர்கள் இப்போது எப்படிச் செய்கிறார்கள்?" என்றும் கேளுங்கள். விடை தெரியாது என்று அவர்கள் சொல்லலாம். அடுத்த வாரம் ஒரு தொலைபேசி அழைப்பிலேனும் அதைத் தெரிந்துகொள்ளும் எண்ணம் அந்தக் கேள்வியிலிருந்தே அவர்களுக்கு வரும்.